தண்ணீர் என்ற சொல் இல்லாத அறிவிப்பு

நான் பிறந்த ஊரில் ஆறு கிடையாது. தருமபுரிக்குத் தெற்கே, ராகியும் துவரையும் விளைகிற மேட்டுக்காடு. தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணற்றில் இருப்பது, அல்லது வானத்திலிருந்து வர வேண்டியது. பொறியியல் படித்து, தேர்வு எழுதி, வேலை கிடைத்தபோது எனக்கு வந்து சேர்ந்ததோ காவிரியின் கடைசி வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையோரத்தில் இரண்டே அறைகள் கொண்ட பாசன அலுவலகம். என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. அதில் காவிரி மேற்கே தடித்த நீலக்கோடாகத் தொடங்கும். கிழக்கே வர வரக் கிளை பிரிந்து மெலிந்து, என் பிரிவுக்கு வரும்போது தலைமுடி அளவுக்கு ஆகிவிடும். அந்தத் தலைமுடிகளுக்கு நான்தான் பொறியாளர்.

சேர்ந்த ஒரு மாதத்தில் அலுவலகப் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. "டிஸ்சார்ஜ் எவ்வளவு?" என்பார்கள். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு "லெவல் என்ன?" கடைசி வயல்கள் "டெயில்." நான் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்த சொற்கள்தான் இவை என்பதால் எனக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. சொல்லப்போனால், அப்படிப் பேசும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். இருபத்தேழு வயது. ஐம்பது வயது ஆண்கள் கைகட்டி நின்று கேட்கிறார்கள். 'லெவல் பில்டப் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று நான் சொன்னால் தலையாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் அடிக்கடி போன் செய்வார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவருடைய பெற்றோர் மற்றவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இவரும் கணவரும் சேர்ந்து மூன்று மா நிலம் சொந்தமாக வாங்கி, இன்னும் ஆறு மா குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு நடவுக்கும் அறுவடைக்கும் வருவார். ஆக, விவசாயம் அவருடையதுதான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார், கொஞ்சம் பழகியதும் அது 'மேடம்மா' ஆகிவிட்டது.

முதல் வருஷம் சம்பாவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். அக்கா போன் செய்தார். பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல்.

"தண்ணி விஷயம் என்ன ஆச்சுங்க மேடம்மா?"

நான் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கவலையில் இருந்தேன். "இங்க லெவல் ரொம்ப டிராப் ஆயிடுச்சுக்கா. நேத்தே டிஸ்சார்ஜ் இருக்கும்னாங்க. இல்ல. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ் ஆயிடும்னு நெனைக்கிறேன். மேல பேசிட்டுதான் இருக்கோம்."

"ஐயோ. நீங்க மொதல்ல அதைப் பாருங்க. நாங்க தண்ணிக்கு அப்புறமாக் கேட்டுக்குறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் அலுவலக வாசலில் நின்றார். கையில் ஒரு பை நிறையச் சாத்துக்குடி, கூடவே ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ். முகம் வாடியிருந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? யாருக்குங்க, அம்மாவுக்கா? எங்க மாமாவுக்கும் போன வருஷம் இப்படித்தான் லெவல் எறங்கிப் போச்சு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில ஒரு வாரம் கெடந்தாரு. இப்ப வயலுக்குப் போறாரு. பயப்படாதீங்க."

எனக்கு அரை நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் விஷயம் தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துப் போக மாட்டேன் என்றுவிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் உரித்துத் தின்றோம். அதன்பின் பல நாள் அதை ஒரு நகைச்சுவையாக நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் கதையில் சிரிப்புக்குரிய ஆள் அக்கா என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த வருஷம் தண்ணீர் குறைவு. மழையும் தள்ளிப்போனது. எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் யாருக்கும் போதாது. அதனால் ஒரு வாய்க்காலுக்கு ஆறு நாள், அதை அடைத்துவிட்டு அடுத்ததற்கு ஆறு நாள் என்று மாற்றி மாற்றி விடுவதாக முடிவானது. என் பிரிவில் முதல் ஆறு நாள் மேல்பக்கத்து ஊர்களுக்கு. அதற்குப் பிறகே கடைமடைக்கு. இதை விவசாயிகளுக்குத் தெரிவிக்க வேண்டியது என் வேலை.

வியாழக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலம் வேண்டாம், சுத்தமான தமிழில் எழுதுவோம் என்று கவனமாக இருந்தேன். சாத்துக்குடியிலிருந்து நான் கற்ற பாடம் அந்த அளவுக்குத்தான். 'கடைமடைப் பிரிவு ஆயக்கட்டுதாரர்களின் கவனத்திற்கு. வரும் திங்கட்கிழமை முதல் தங்கள் பிரிவில் முறைப்பாசனம் அமல்படுத்தப்படுகிறது. ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' முத்திரை வைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். அவரிடம் நான்கு பிரதி கொடுத்து ஊர் ஊராகப் படித்துக்காட்டச் சொன்னேன். குழுவில் நிறையப் பேர் கும்பிடும் படம் போட்டார்கள். அக்காவும் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவரிடமிருந்து அழைப்பு.

"மேடம்மா, தண்ணி இன்னும் வரலையே?"

"உங்களுக்கு இன்னிக்கு வராதேக்கா."

"இன்னிக்குத்தானே எங்க முறைன்னு எழுதியிருந்தீங்க?" குரல் உயரவில்லை. "நாத்து பறிச்சுட்டோம்மா. ஆளுங்க வந்து ஒக்காந்திருக்காங்க."

நாற்றுப் பறிப்பது என்றால் என்ன என்று அந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி, கைப்பிடி கைப்பிடியாக முடிந்து வைத்துவிட்டால், அன்றோ மறுநாளோ சேற்றில் ஊன்றியாக வேண்டும். மறுபடி மண்ணுக்குள் வைத்துவிட முடியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பதினோரு கிலோமீட்டர். வழியெல்லாம் நான் எழுதிய மூன்று வரிகளை மனதுக்குள் படித்துக்கொண்டே போனேன். ஒரு தப்பும் இல்லையே என்று தோன்றியது. முறைப்பாசனம் என்றால் முறைவைத்து விடுகிற பாசனம். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாதி வழியில், ஒரு பாலத்தின் மேல், எனக்கு உறைத்தது. அந்த ஊரில் 'முறை' என்றால் ஒன்றே ஒன்றுதான். நம்ம வயலுக்குத் தண்ணி வரும் நேரம். திங்கட்கிழமை முதல் தங்கள் பிரிவில் முறை.

வயலில் பன்னிரண்டு பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு வந்த தண்ணீரில் உழுது சேறாக்கி வைத்திருந்த நிலம், இப்போது மேலே காய்ந்து, விரல் வைத்தால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகத் தொடங்கியிருந்தது. அதன் ஓரத்தில் நாற்று முடிகள். ஞாயிறு மாலையும் திங்கள் விடியலுமாகப் பறித்தவை. பச்சை நிறம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

லஸ்கரும் வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார். "நீங்க எழுதுனதைத்தாங்க மேடம் நான் அப்படியே படிச்சுக் காமிச்சேன். ஒரு எழுத்து மாத்தல."

"ஆமாண்ணே," என்றேன். "தப்பு உங்க மேல இல்ல."

அக்காவிடம் விளக்கினேன். இந்த முறை ஒரு கடினச் சொல் கூட வாயில் வரவில்லை. "இன்னியிலேருந்து சனிக்கிழமை வரைக்கும் மேல இருக்கற ஊருக்குத் தண்ணி. ஞாயித்துக்கிழமை காலையிலதான் உங்களுக்கு."

அவர் என்னையே பார்த்தார். "இதை இப்படியே எழுதியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரப்பில் இருந்த பெண்களில் ஒருவர், ஞாயிறு வரைக்கும் நாத்து நிக்காது, அழுகிப்போகும் என்றார். இன்னொருவர், நாளையிலிருந்து நாங்கள் வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அக்கா ஒரு முடியை எடுத்து வேரைத் தடவிப் பார்த்தார். முப்பத்திரண்டு நாள் நாற்று. ஏற்கெனவே வயது கூடியதுதான். ஞாயிறு வரை காத்திருக்க முடியாது.

"வடிகால்ல கொஞ்சம் தண்ணி நிக்குது," என்றார். "அதுல கொண்டுபோய் வேர் மட்டும் நனையற மாதிரி நிறுத்திவைப்போம். ரெண்டு நாளு, மிஞ்சினா மூணு நாளு தாங்கும்."

எல்லோரும் எழுந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வடிகால் வயலிலிருந்து முன்னூறு அடி தள்ளி. நாற்று முடிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், முழங்கால் தண்ணீரில் ஒன்றையொன்று தாங்குமாறு நெருக்கி நிறுத்தினோம். மேலே தென்னை மட்டைகளை நிழலுக்குச் சாய்த்து வைத்தோம். என் சுடிதாரில் சேறு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு பெண், "மேடத்துக்கு அடுக்க வரல, அப்படிப் போட்டா சாஞ்சிடும்" என்று சொல்லி, நான் வைத்தவற்றை எடுத்து மறுபடி வைத்தார். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது.

கரையில் நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அட்டவணையை மாற்ற முடியாது, ஒரு ஊருக்கு மாற்றினால் பத்து ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில், "மேல்பக்கத்துக்காரங்க தாங்களாவே ஒரு நாள் விட்டுக்கொடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டா, எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்த ஊருக்கா?"

"ஆமா. பாசனச் சங்கத் தலைவரைப் பாக்கலாம். நான் பேசறேன்."

என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "எங்கம்மா அவங்க வயல்லதான் நட்டாங்க. கூலிக்கு. அந்த வீட்டு முன்வாசல் வழியா எங்கம்மா போனதே கெடையாது. கொல்லைப்புறமாத்தான்."

நான் வண்டியை முன்வாசலுக்கே விட்டேன்.

தலைவருக்கு அறுபது வயது இருக்கும். பையன்கள் இருவரும் சிங்கப்பூரில். முன்வாசலில் வண்டி நின்றதும் வெளியே வந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார். அவர் மனைவி இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு புடவையில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கோப்பைப் பிரித்துப் பேசத் தொடங்கினேன். அட்டவணை, ஆறு நாள் சுற்று, உங்கள் வாய்க்காலின் கொள்ளளவு, ஒரு நாள் மாற்றினால் எத்தனை சதவீதம் குறையும். பேசப் பேச அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. ஏதோ தன்னிடமிருந்து பிடுங்கப்போகிறார்கள் என்ற முகம். "அதெல்லாம் மேல முடிவு பண்ணது. நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

அப்போது அக்கா பேசினார். "நாத்து பறிச்சாச்சுங்க. தண்ணி இல்ல."

அவ்வளவுதான். தலைவர் என்னிடமிருந்து பார்வையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எப்பப் பறிச்சது?"

"நேத்து சாயந்தரமும் இன்னிக்கு விடியலும்."

"எத்தனை நாள் நாத்து?"

"முப்பத்திரெண்டு."

"அடடா. எத்தனை மாவுக்கு?"

"ஒம்பது. வடிகால்ல நிறுத்தி வெச்சிருக்கோம்."

"வேர் முங்கியிருக்கா? இலை முங்கக் கூடாது."

"வேர் மட்டுந்தாங்க."

அவர் மனைவி, "பாவம்ங்க" என்றார். தலைவர் எழுந்துபோய் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தன் வயல் பக்கம் பார்த்தார். "எங்களுக்கு இன்னிக்கும் நாளைக்கும் பாஞ்சுட்டா ஊறிடும். புதன்கிழமை ஒரு பகல் நாங்க அடைச்சுக்குறோம். நீங்க எடுத்துக்குங்க. வெள்ளாமை பண்றவங்களுக்குள்ள இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

தன்னையும் சேர்த்துச் சொன்ன அந்த 'பண்றவங்களுக்குள்ள' என்ற சொல்லைக் கேட்டு அக்கா தலைகுனிந்துகொண்டார். நான் பார்க்காத மாதிரி கோப்பை மூடினேன். கையிலிருந்த ஒரு தாளின் பின்புறத்தில் நான்கு வரி எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுப் போடவைத்தார். எங்கள் இருவருக்கும் மோர் வந்தது.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கடைமடைக்கு வந்தது. முதலில் வாய்க்காலில் ஒரு சருகுக் கூட்டம் நகர்ந்து வந்தது. அதன் பின்னால் பழுப்பு நுரை. பிறகு தண்ணீர். லஸ்கர் மதகைத் திறந்துவிட்டு, அக்காவின் வயல்வரை கூடவே நடந்து போனார். நட ஆள் கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. திருப்பூரிலிருந்து கணவர் வந்துவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து ஐந்து பேர், வேறு ஊருக்குப் போகவேண்டிய பன்னிரண்டு பேரில் நான்கு பேர், எல்லோருமாக வியாழனும் வெள்ளியும் நட்டார்கள். நாற்றில் ஒரு பங்கு மஞ்சளாகிப் போயிருந்தது. ஒரு மா நிலம் வெறுமையாக நின்றது. அதற்கு, நட்டு மிஞ்சிய நாற்றை மேல்பக்கத்து ஊரிலிருந்தே பத்து நாள் கழித்து ஒருவர் கொடுத்தனுப்பினார்.

நடந்ததைப் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'அறிவிப்பை விவசாயிகள் தவறாகப் புரிந்துகொண்டதால்' என்று தொடங்கினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒன்றையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் என்ன அர்த்தமோ அதைத்தான் புரிந்துகொண்டார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, 'அறிவிப்பை நான் தெளிவாக எழுதாததால்' என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். கோப்பில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சுற்றுக்கான அறிவிப்பை எழுதியதும் குழுவில் போடவில்லை. எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் பத்தாவது வரை படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"இது தண்ணி விடறதைப் பத்திதானே? இதுல தண்ணின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே மேடம்மா."

வாங்கிப் பார்த்தேன். ஆயக்கட்டு இருந்தது. பாசனம் இருந்தது. சுழற்சி, நீட்டிப்பு, அமலாக்கம் எல்லாம் இருந்தன. தண்ணீர் இல்லை. முதல் அறிவிப்பிலும் இருந்திருக்காது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினோம். 'சனி காலையிலிருந்து வியாழன் மாலை வரை மேல்பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர். கடைமடை ஊர்களுக்கு வெள்ளி காலை தண்ணீர் வந்து சேரும்.' முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடினேன். அக்கா, "இன்னொண்ணும் போடுங்க" என்றார். "தண்ணியைக் கண்ணால பாத்துட்டு நாத்துல கை வைங்க." அதையும் எழுதினேன். பிறகு அவரையே போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்து, எழுத்தோடு சேர்த்து அந்தக் குரலையும் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. வெள்ளி எத்தனை மணிக்கு? இடது வாய்க்காலுக்கும் சேர்த்தா? மழை பெய்தால்? அதுவரை அந்தக் குழுவில் கும்பிடும் படத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்கும் அளவுக்கு இப்போதுதான் அவர்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மேலதிகாரி, அறிவிப்பில் கொஞ்சம் கம்பீரம் குறைகிறதே என்றார். ஒரு மாதம் கழித்து, மற்ற பிரிவுகளுக்கும் இதே மாதிரி எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

எனக்குப் புரியாத பேச்சும் அந்த ஊரில் நிறைய இருந்தது. முதல் வருஷம் புரிந்ததாகத் தலையாட்டிவிடுவேன். இப்போது அந்தப் பழக்கத்தை விட்டேன். தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது அக்கா போன் செய்து, "பயிர் தொண்டையில நிக்குது மேடம்மா" என்றார்.

"எனக்குப் புரியலக்கா. தொண்டையிலன்னா?"

அவருக்குச் சிரிப்பு. "கதிர் உள்ள உருவாயிடுச்சு. இன்னும் வெளிய தலை காட்டல. தண்டுக்குள்ள, தொண்டையில நிக்குது. இப்பத் தண்ணி இல்லைன்னா கதிர் வரும், உள்ள மணி இருக்காது. பதரு."

"அப்ப இந்த வாரந்தான் ரொம்ப முக்கியமா?"

"வருஷத்துக்கே இந்த வாரந்தாம்மா முக்கியம்."

பொறியியல் கல்லூரியில் ஒரு பயிருக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வாரம் அது இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்பதை யாரும் இப்படி ஒரு வார்த்தையில் சொன்னதில்லை. மேலதிகாரியிடம் போய், "சார், டெயில்ல எல்லாம் தொண்டைக்கதிர்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே போனை எடுத்தார். அந்த வாரம் கடைமடைக்குக் கூடுதலாக இரண்டு நாள் தண்ணீர் கிடைத்தது. அந்த வருஷம் அக்காவின் ஒன்பது மாவில் எட்டு நன்றாக விளைந்தது. பிந்தி நட்ட ஒரு மா சுமார்தான்.

மூன்று வருஷத்துக்குப் பின் என்னைத் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். போன மாதம் இங்கே விவசாயிகளுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. ஏற்பாட்டில் நானும் இருந்தேன். எந்தெந்த ஊரிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்று கேட்டபோது அக்கா பெயரையும் கொடுத்தேன். காலைப் பேருந்தில் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச வந்தவர் நல்ல ஆராய்ச்சியாளர். திரையில் படங்களைக் காட்டி வேகமாகப் பேசினார். "கடைமடைப் பகுதியில லாட்ஜிங் பிரச்சனை ஜாஸ்தி. இந்த ரகத்துல லாட்ஜிங் கிடையாது" என்றார். அரங்கில் நூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்கா கையைத் தூக்கினார். யாரும் கவனிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"ஐயா, லாட்ஜிங்னா எங்களுக்கு ரூம் போட்டுத் தங்கறதுதான் தெரியும். நீங்க சொல்றது என்னங்க?"

அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. பதிலுக்காக நின்றார். பேசியவர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு அவரும் சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா. காத்துலயும் மழையிலயும் பயிர் சாஞ்சு படுத்துடுது இல்லையா, அதைத்தான் சொன்னேன்" என்றார்.

"அப்ப இந்த ரகம் சாயாதா?"

"அவ்வளவு சீக்கிரம் சாயாது. தண்டு குட்டை, தடிமன்."

"குட்டைன்னா எங்களுக்கு வைக்கோல் கொறையுமே? மாடு இருக்கே."

பின்வரிசையில் ஒருவர், "அதானே" என்றார். இன்னொருவர் எழுந்து, முந்தின படத்தில் ஏதோ ஒரு சொல் போட்டிருந்தீர்களே, அது என்ன என்று கேட்டார். மூன்றாமவர் எழுந்தார். ஆராய்ச்சியாளர் திரையை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசை நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டியது. ஒன்றரை வரை போனது. சாப்பாட்டுக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலை அக்காவைப் புதுப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். கையில் புது ரகத்தின் விதைப் பை, ஐந்து கிலோ. முதலில் ஒரு மாவில் மட்டும் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அவர் பெண் பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாளாம்.

"அடுத்த மாசம் பத்தொம்பது, புதன்கிழமை நடவு வெச்சிருக்கோம்," என்றார். "தண்ணி இருக்கு. லஸ்கர்கிட்டக் கேட்டுட்டேன். வர முடியுமா?"

"நான் அடுக்குனா சாஞ்சிடும்னு உங்க ஆளுங்க சொல்வாங்களே."

"அடுக்க வேணாம். வரப்புல நில்லுங்க."

திருத்துறைப்பூண்டி பேருந்து வந்தது. ஜன்னலோர இடம் பிடித்து, விதைப் பையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியதும் நான் அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தப் புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'நடவு' என்று போட்டேன்.